புகைக்குப் போட்ட மூக்கணாங்கயிறு

ஷோபா வீட்டுக் கொடியில் காயும் சட்டைகளில் கருவாட்டு வாடை அடிப்பது, சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நந்திதுர்க் லைனில் ஒன்றரை வருடமாக எல்லோரும் அறிந்த சங்கதி. அதுவே சனிக்கிழமைக் காலையிலும் அடித்தால் அடுத்த வீட்டு நேசமணியால் சும்மா இருக்க முடியுமா?

"இன்னாமே ஷோபா, சனிக்கெழமையும் கருவாடா? பெருமாளு கோச்சிக்க மாட்டாரு?"

"கருவாடில்லக்கா, மருந்துத் தண்ணி. எத்தினி வாட்டி சொல்றது?"

"ஆங், புகைய புடிக்கிற மருந்து. புடிச்சாச்சா?"

"இன்னிக்குத்தான் புடிக்கப் போறாங்கோ. பெங்களூர்லருந்து ஆபீசரு வராங்கோ."

"புடிச்சா ஒரு சொம்புல எங்க வூட்டுக்கும் குடுத்தனுப்பு," என்று சொல்லிவிட்டு நேசமணி உள்ளே போனாள். அந்தச் சொம்பு பத்து மணிக்குள் இருபது வீடு சுற்றி வந்திருக்கும்.

லைன்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஷோபாவின் புருஷன் மனோகர் செய்யும் காரியம் அப்படி. ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி முனிரத்தினம் நடத்தும் உருக்கு வார்ப்பு ஃபவுண்டரியில் அவன் உலை இன்ஜினீயர். ஒரு சமயம் முதலாளி அவனைக் கோயம்புத்தூரில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பேராசிரியர், ஒரு டன் உருக்கு செய்தால் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது, அதனால் பூமியே சூடேறுகிறது என்று பேசினார். மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மனோகர் மட்டும் அதை ஊருக்குக் கொண்டு வந்துவிட்டான்.

வந்தவன் பழைய டிரம்களையும் குழாய்களையும் பொறுக்கி ஒரு யந்திரம் கட்டினான். உலையின் புகை ஒரு டிரம்முக்குள் போகும். அங்கே இருக்கும் நாறும் மருந்துத் தண்ணி கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணியை இன்னொரு டிரம்மில் கொதிக்க வைத்தால் பிடித்ததை விட்டுவிடும். விட்டதைக் குழாயில் வாங்கி வார்ப்பு மணலுக்குள் ஊதினால், சிலிகேட் பசை பிசைந்த மணல் ஒரு நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும். இதற்காக ஃபவுண்டரி இத்தனை நாளும் பெங்களூரிலிருந்து சிலிண்டர் வரவழைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் புகைபோக்கியில் வானத்துக்கு விடுவது, மறுபக்கம் அதையே லாரியில் கூப்பிடுவது. நம் ஊர்க் காரியம் வேறு எப்படி இருக்கும்!

முனிரத்தினம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரன் ஒருவன், சுத்தமாகச் செய்த உருக்கு என்று பெங்களூர் இன்ஸ்டிட்யூட் சோதித்து எழுதிக் கொடுத்தால் ஆர்டர் தருகிறானாம். எழுதிக் கொடுத்தால் ஃபவுண்டரி நடக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் உலையை விற்றுவிடுவார். அந்த மாதக் கடைசியில்தான் தங்கச் சுரங்கத்தையும் மூடுகிறார்கள். ஊரில் ஒரே நாளில் இரண்டு கதவு சாத்தப் போகிறது.

இதெல்லாம் லைனுக்குத் தெரியும். தெரியாத ஒன்று, ஷோபாவுக்கு மட்டும் தெரிந்தது. அவள் ஒளித்து வைத்த கடிதம்.

பதினோரு நாளைக்கு முன்னால் தபால்காரர் கொண்டு வந்த கடிதம் அது. ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய உருக்காலையில் மனோகருக்கு வேலை. எப்போதோ ஒரு கோபத்தில் விண்ணப்பம் போட்டு அவனே மறந்திருந்தான். இருபத்துநாலாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள் இந்த நம்பருக்கு ஃபோன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

இன்றைக்கு இருபத்துநாலு.

வேறொரு பெண்டாட்டியாக இருந்தால் அன்றைக்கே லட்டு பிடித்திருப்பாள். ஷோபாவும் பிடித்திருப்பாள், அதற்கு முந்தின நாள் மனோகர் அந்த மணல் வில்லையை வீட்டுக்குக் கொண்டு வராமல் இருந்திருந்தால். உள்ளங்கை அகலம். தன் புகைபோக்கியிலிருந்து பிடித்த வாயுவால் இறுகியது என்றான். அவள் ஊக்கை எடுத்துக் கீறிப் பார்த்தாள். கீறல் விழவில்லை. ஒன்றரை வருடம் அவனை லைனே சிரிக்கும்படி கேலி செய்தவள் அவள்தான். 'புகைக்கு மூக்கணாங்கயிறு போடறாரு' என்ற வசனமே அவளுடையதுதான். கேலி செய்கிறவள் நம்ப ஆரம்பித்தால் அதைப்போல ஆபத்து கிடையாது.

கடிதத்தைப் பார்த்தால் இவன் பாதியில் கிளம்பிவிடுவான் என்று தோன்றியது. அதே இருபத்துநாலாம் தேதி காலை பதினொரு மணிக்குச் சோதனை. ஜெயித்தால் கிழித்துப் போடலாம். தோற்றால் மதியமே கையில் கொடுத்து எஸ்டிடி பூத்துக்குத் துரத்தலாம். கணக்கு சரியாகத்தான் போட்டாள். ஒளித்த இடம்தான் சரியில்லை. வீட்டில் யாரும் தொடாதது மாமனாரின் தகரப் பெட்டி ஒன்றுதான் என்று அதற்குள், பழைய துண்டுக்கு அடியில் செருகி வைத்தாள்.

மாமனார் சம்பங்கி, தங்கச் சுரங்கத்தில் காற்றோட்டம் பார்க்கும் வென்டிலேஷன் ஆளாக இருந்தவர். இருபத்தேழு வருடம். நாள்கணக்கில் மூடிக் கிடந்த லெவல் என்ற பக்கச் சுரங்கப்பாதைக்குள் ஆட்களை விடும் முன்னால் அவர்தான் முதலில் போவார். குச்சியில் மெழுகுவத்தியைக் கட்டி முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டே நடப்பார். சுடர் சுருங்கினால் கெட்ட காற்று கீழே படிந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் திரும்ப வேண்டும். மகன் யந்திரம் கட்டினதிலிருந்து குழாய் வாயில் பிடித்துப் பார்ப்பதும் அவருடைய மெழுகுவத்திதான். சுடர் அணைந்தால் வாயு வருகிறது. அணையாவிட்டால் வரவில்லை. இதைவிட நல்ல மீட்டர் எந்தக் கடையில் விற்கிறது என்பார். மகனும் வேறு மீட்டர் தேடவில்லை.

ஷோபா பித்தளைத் தூக்கில் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருக்கும்போது, "கடை மெழுகுவத்தி ஒத்துவராதும்மா. எம் பொட்டியில மைன் மெழுகுவத்தி ஒண்ணு கீது. அத எட்துனேன்," என்றார் சம்பங்கி.

ஷோபாவுக்குக் கை நின்றது. "பொட்டியத் தொறந்தீங்களா மாமா?"

"தொறக்காம எப்டி எடுக்கறது?" அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. "கெளம்பு, நேரமாவுது."

பார்க்கவில்லை போலிருக்கிறது என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

*

பதினொரு மணிக்கு ஆபீசர் வரவில்லை. பெங்களூர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து கிளம்பிய மம்தா என்கிற அந்தப் பெண், பங்காருபேட்டையில் காபி குடிக்க இறங்கி இந்த ஊருக்கு வரும் மாரிகுப்பம் ரயிலை விட்டுவிட்டாள். ஒரு டம்ளர் காபி. அதில் மூன்றரை மணி நேரம் போயிற்று.

மத்தியானம் இரண்டு, இரண்டரை என்று ஃபவுண்டரிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஷோபா. முனிரத்தினத்துக்குச் சிரிப்பு.

"ஏம்மா, அவனவிட நீதான் ஜாஸ்தி டென்ஷன்ல கீற."

"தயிர்சாதம் புளிச்சிடும்ங்க."

மம்தா வந்து சேர்ந்ததும் வணக்கம் சொல்லி, மூக்கைக் கைக்குட்டையால் மூடி, வேலையில் இறங்கினாள். இருபத்தாறு வயதிருக்கும். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசினாள். மூன்று மணிக்கு உலை சீறத் தொடங்கியது. மனோகர் ஒவ்வொரு வால்வாகத் திறந்துகொண்டே போனான். டிரம் கடகடவென்று கொதித்தது. கருவாட்டு வாடை ஆளை அடித்தது.

"நைனா, பாருங்க," என்றான் அப்பாவிடம்.

சம்பங்கி மெழுகுவத்தியை ஏற்றிக் குழாய் வாய்க்கு நேராக நீட்டினார். சுடர் ஒருமுறை குனிந்தது. அப்புறம் யாரோ விரலால் கிள்ளியது போல அணைந்தது.

வேலையாட்கள் விசில் அடித்தார்கள். குழாயை மணல் அச்சுக்குள் செருகினார்கள். ஒரு நிமிடம் கழித்து மனோகர் ஆணியால் கீறிக் காட்டினான். மணலில் கோடு விழவில்லை. ஆணிதான் மழுங்கியது. முனிரத்தினம் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். ஷோபா கற்பூரம் ஏற்றினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து வாடையால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

மணி நாலு. ஜெயித்தாயிற்று. கடிதத்தைக் கிழித்துவிடலாம்.

"மனோகர் சார்," என்றாள் மம்தா, நோட்டைத் திறந்தபடி. "இந்த டிரம்ம எதால கொதிக்க வெக்கிறீங்க?"

"ஃபர்னஸ் ஆயில்."

"எஷ்டு? எத்தன லிட்டர்?"

"இன்னிக்கு ஒரு... பன்னெண்டு ஆயிருக்கும்."

"புடிச்ச காஸ்?"

மனோகர் அப்பாவைப் பார்த்தான். அவர் கையில் அணைந்த மெழுகுவத்தி இருந்தது. அது வாயு இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. சுரங்கத்தில் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. இருந்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

மம்தா தன் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்துக் குழாயில் மாட்டினாள். நோட்டில் கணக்கைப் பெருக்கிக் கூட்டினாள். கோபமோ கிண்டலோ இல்லாமல் சொன்னாள்.

"இருபது கிலோ புடிச்சிருக்கீங்க சார். புடிக்கறதுக்கு எரிச்ச ஆயில்ல முப்பத்தஞ்சு கிலோ வெளிய விட்டிருக்கீங்க."

"ஆயில் வேணாம் மேடம்," மனோகர் அவசரமாகச் சொன்னான். "உலை சூடே வீணாத்தான் போவுது. அதயே திருப்பி விட்டா ஒரு சொட்டு ஆயில் தேவயில்ல. மூணு மாசம் டைம் குடுத்தா கட்டிக் காட்டறேன்."

அவள் யோசித்தாள். "ஹௌது, ஆமா, அது பண்ணலாம். எழுதறேன். ஆனா இந்த மோல்டுக்குள்ள ஊதின காஸ்? மணல் வழியா பாதிக்கு மேல வெளிய போயிடுதே. மிச்சம் புடிக்கிறதையும் எங்க வெப்பீங்க? வெக்க ஒரு எடம் இருந்தா, இது நடக்கும்னு நான் தைரியமா எழுதுவேன்."

மனோகருக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவன் ஒன்றரை வருடம் காத்திருந்தான்.

"எடமா? எங்க ஊர்ல எடத்துக்கா பஞ்சம்! புதன்கெழம சுரங்கத்த மூடறாங்க. ஒம்போதாயிரம் அடிக்கு மேல ஆழம். உள்ள நூறு மைலுக்கு மேல லெவல் ஓடுது. எல்லாம் காலி. காத்தவிட கனமான வாயு, உள்ள விட்டா கீழ போய்ப் படுத்துக்கும். மேல ஆளு எறங்கற ஷாஃப்ட் வாய கான்க்ரீட் போட்டு மூடிடலாம்."

மம்தாவின் பேனா ஓடியது. இரண்டு வரி எழுதியவள் நிமிர்ந்து சம்பங்கியைப் பார்த்தாள்.

"அஜ்ஜா, நீங்க வென்டிலேஷன்ல இருந்தீங்களாமே. உள்ள விட்டா நிக்குமா?"

ஆமாம் நிக்கும் என்று ஒரு வார்த்தை. பெங்களூர்ப் பெண்ணுக்கு சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கவா முடியும்? அந்த வார்த்தைக்குள் மூன்று மாதம் இருந்தது, உலை இருந்தது, மகனுடைய ஒன்றரை வருடமும் இருந்தது. ஷோபா மாமனாரின் வாயையே பார்த்தாள். சொல்லிடுங்க மாமா, சொல்லிடுங்க.

சம்பங்கி மெழுகுவத்தியைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"நிக்காதும்மா," என்றார்.

"நைனா!"

"இருபத்தேழு வருசம் அந்தக் காத்த வெளிய அனுப்பறதுதான் என் வேல. எனக்குத் தெரியாதா?" அவர் மகனைப் பார்க்கவில்லை. "இப்ப பம்ப் ஓடுது, தண்ணி கீழ நிக்குது. மைன மூடிட்டா பம்ப் ஓட்ட யாரு கீறாங்க? தண்ணி மேல ஏறும். தண்ணி ஏறினா அதுக்கு மேல கீற காத்து எங்க போவும்? மேலதான் வரும். நீ ஷாஃப்ட் வாய அடைப்ப. வெள்ளக்காரன் காலத்துல தோண்டிப் போட்ட ஓட்டைங்க எத்தினி கீதுன்னு யாருக்குத் தெரியும்? மாரிகுப்பத்துல ஒருத்தன் வூட்டு சமையல்கட்டுக்குள்ளயே ஒண்ணு கீது, பலகை போட்டு மேல அடுப்பு வெச்சிக்கினு கீறான். அது வழியா வரும். கனமான காத்து. தரையோட படுத்துக்கும். லைன்ல சனங்க தரையிலதான் படுக்கறாங்கோ."

மம்தா எழுதின இரண்டு வரியை அடித்தாள். அடித்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல நோட்டைச் சாய்த்துக்கொண்டாள். "சார், ஐடியா தப்பில்ல. இன்னும் இருபது வருஷத்துல யாராவது பண்ணுவாங்க," என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். முனிரத்தினத்துக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"இருபது வருசத்துக்கு நான் கீறனோ இல்லியோ," என்றார். "மனோகர், திங்கக்கெழம கேஸ் கட்டர்காரன் வருவான். டிரம்முங்களக் கழட்டி வெச்சிடு. உலைய வெல பேச ஓசூர்க்காரனும் அன்னிக்கே வரட்டும்."

மணி நாலு முப்பத்தைந்து.

*

ஷோபா தூக்கைக்கூட எடுக்கவில்லை. ஆட்டோ ஒன்றும் கிடைக்காமல் ஓடினாள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமாகக் குறுக்கு வழி. புடவைக் கரையெல்லாம் சாம்பல் நிறப் பொடி. லைனுக்குள் நுழையும்போது நேசமணி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாமே, புகை புடிச்சிக்கினு ஓடியாறியா?"

ஷோபா பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். பழைய துண்டு. துண்டுக்கு அடியில் ஒரு பீடிக் கட்டு, சர்வீஸ் சர்ட்டிஃபிகேட், செத்துப் போன மாமியாரின் ஒற்றைத் தோடு.

கடிதம் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தாள். பாயை உதறினாள். ராய்ப்பூர் ஆலையின் நம்பர் அந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. ஆலையின் பெயரில் முதல் வார்த்தை ஞாபகம் வந்தது, இரண்டாவது வரவில்லை. எஸ்டிடி பூத்துக்கு ஓடி, டைரக்டரி இருக்கிறதா என்று கேட்டாள். கோலார் ஜில்லா டைரக்டரி இருந்தது. ராய்ப்பூருக்கு ஷோபா எங்கே போவாள்? பூத்துக்காரன் நாகேஷ் கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தான், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

அது ஐந்து அடித்தது. பிறகு ஐந்து ஐந்து ஆயிற்று.

சம்பங்கி ஆறு மணிக்கு வந்தார். நிதானமாக நடந்து, வழியில் டீ குடித்துவிட்டு வந்தார். முகத்தில் ஏதோ பாரம் இறக்கினவரின் அமைதி. உள்ளே வந்து சட்டைப் பையில் கைவிட்டு, மெழுகுவத்தியோடு மடித்திருந்த கடிதத்தை எடுத்தார்.

"காலையிலயே பாத்தேன்மா. எனக்கு பெரிய எழுத்து கொஞ்சம் படிக்க வரும். அப்பாயின்ட்மென்ட்னு கீது, ராய்ப்பூர்னு கீது. புரிஞ்சிக்கினேன்."

ஷோபா கவிழ்ந்து கிடந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மனோகரு என்ன விட்டுட்டுப் போவ மனசில்லாம, எம் பொட்டியிலயே ஒளிச்சி வெச்சிட்டு, இந்த டிரம்மக் கட்டிக்கினு அழுவறான். நான் அங்க 'நிக்கும்'னு பொய் சொல்லியிருந்தா இன்னும் மூணு மாசம் இங்கயே கெடப்பான். அதான் உள்ளத சொன்னேன். வயித்தெரிச்சலோடதான் சொன்னேன். நல்லதுக்குத்தான்னு அப்பறம் புரிஞ்சிக்குவான்." கடிதத்தை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினார். "நீயே குடுத்துடு. நைனாவ நான் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு சொல்லு. நான் நேசமணி வூட்டுல சாப்ட்டுக்குவேன்."

ஷோபா இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். சின்ன எழுத்து அப்படியே இருந்தது. அவர் விரல்பட்ட மெழுகுக் கறை சரியாக அந்தத் தேதியின் மேல் ஒட்டியிருந்தது.

"மாமா," என்றாள். "ஒளிச்சது அவரு இல்ல."

சம்பங்கி அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூடிக் கிடந்த லெவலுக்குள் முதல் அடி வைக்கும்போது பார்ப்பாரே, அப்படி.

"அப்பறம்... இதுக்கு கடைசித் தேதின்னு எதுனா கீதாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மனோகர். ஒரு கையில் அவள் விட்டுவிட்டு வந்த தயிர்சாதத் தூக்கு. இன்னொரு கையில் அன்றைக்கு இறுகின மணல் அச்சின் ஒரு துண்டு. அவன் பின்னாலேயே, அரிசி அளக்கப் படி கேட்கும் சாக்கில், நேசமணி.

"எங்கியாவது வெளியூர்ல ஒரு வேல கெடச்சா போயிடணும் ஷோபா," என்று அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அந்த ராய்ப்பூர்க்காரனாவது ஒரு பதில் போட்டிருக்கலாம்."

நிமிர்ந்தவன் அவள் கையைப் பார்த்தான்.

"இன்னா கடுதாசி அது?"